டயாலிசிஸில் இருப்பவர் பொங்கலுக்கு ஊருக்குப் போவதென்றால்

டயாலிசிஸில் இருக்கும் ஒருவர் பொங்கலுக்கு ஊருக்குப் போக வேண்டும் என்று சொன்னால், சுற்றி இருப்பவர்களிடமிருந்து இரண்டு விதமான பதில் வரும். "இந்த உடம்பை வைத்துக்கொண்டு இப்போது அது தேவையா?" என்பது ஒன்று. "ஒன்றும் ஆகாது, கிளம்பி வா" என்பது இன்னொன்று. இரண்டும் பாசத்தில் வருகிற பேச்சுதான். ஆனால் எதையெல்லாம் உறுதிசெய்துகொண்டு கிளம்ப வேண்டும், அங்கே போய் எதைச் சாப்பிடலாம், ராத்திரியில் மூச்சு முட்டினால் எந்த ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதை இரண்டு தரப்பும் சொல்வதில்லை. 2025 பொங்கலுக்கு அம்பாசமுத்திரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்துக்குப் போய், செத்துப் பிழைத்துச் சென்னைக்குத் திரும்பினேன். இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்ற ஏக்கம்தான் அப்போது மனதை அரித்தது. அடுத்துக் கிளம்பப் போகிற யாருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. பல வருட ரத்தக் கொதிப்பில் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. தாம்பரம் பக்கம் ஒரு மையத்தில் செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். கணவர் மஸ்கட்டில் வேலையில் இருக்கிறார். மகள் கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். நல்ல சிறுநீரகம் இரவு பகலாகச் செய்கிற வேலையை எங்களுக்கு மெஷின் வாரத்தில் பன்னிரண்டு மணி நேரத்தில் செய்கிறது. நடுவில் குடிக்கும் தண்ணீரும் சாப்பாட்டில் வரும் பொட்டாசியமும் வெளியே போக வழியில்லாமல் உடம்பிலேயே தேங்கும். தண்ணீர் நுரையீரலில் கோத்தால் மூச்சு முட்டும். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். ஆகவே இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே வரும் இடைவெளிதான் எங்களுக்கு ஆபத்து. அமெரிக்காவில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வாரத்தின் நீண்ட இடைவெளி முடிகிற நாளில்தான் இறப்பும் ஆஸ்பத்திரிச் சேர்க்கையும் கூடுகின்றன என்று காட்டியது. வழக்கத்தைவிட ஒரே ஒரு நாள் கூடுவதற்கே அந்த விளைவு. பண்டிகை விடுமுறை வந்தால் அந்த இடைவெளி எவ்வளவு நீளும் என்று யாரும் எங்களை உட்காரவைத்துச் சொல்வதில்லை.

அந்த வருடம் பொங்கல் ஜனவரி 14, செவ்வாய்க்கிழமை. என் டயாலிசிஸ் நாள். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. பொங்கல் டிக்கெட் திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். நவம்பரில் மகள் எனக்காக விழித்திருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் சனிக்கிழமை இரவுக்கு எடுத்துக் கொடுத்தாள். டயாலிசிஸுக்காகப் பயணம் செய்கிறவர்களுக்கும் கூட வரும் ஒருவருக்கும் ரயில்வே கட்டணச் சலுகை தருகிறது. மருத்துவர் அதற்கான படிவத்தில் கையெழுத்திட்டுத் தர வேண்டும். ஆனால் அது சிகிச்சைக்காகப் போகிற பயணத்துக்கு மட்டும். பண்டிகைக்குப் போகும்போது அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். சனிக்கிழமை காலை ஷிப்டில் டயாலிசிஸ் முடித்துவிட்டு இரவு ரயில் ஏறுவது, திங்கட்கிழமை போகியன்று ஊருக்குப் பக்கத்து நகரத்தில் இருக்கும் ஒரு தனியார் மையத்தில் செய்துகொள்வது, அடுத்தது வியாழன் என்பது ஏற்பாடு. மையத்துக்கு டிசம்பரில் போன் செய்து கேட்டேன். "பொங்கலன்று கிடையாது, திங்கட்கிழமை வாருங்கள், செய்துவிடலாம். ரிப்போர்ட் எல்லாம் எடுத்து வாருங்கள்" என்றார் எடுத்தவர். கிளம்புவதற்கு முந்தைய வாரமும் கேட்டேன். அதே பதில்தான் வந்தது.

ஊருக்கு வந்து இறங்கியபோது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுதாமல் போனால் இது முழுமையாகாது. நோய் வந்த பிறகு நான் அந்த வாசலை மிதிக்கவே இல்லை. அம்மா திண்ணையில் உட்கார்ந்து சிறுகிழங்கைச் சாக்கில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்தில் பொங்கல் என்றால் கிழங்குதான். சிறுகிழங்கு, சேனை, பிடிகிழங்கு, சர்க்கரைவள்ளி, பனங்கிழங்கு என்று ஒரு மூலை நிறைய குவிந்திருக்கும். சாக்கின் சொரசொரப்பில் தோல் உரிந்து, கறுப்பு மண் நீங்கி, உள்ளே வெள்ளையாகக் கிழங்கு எட்டிப் பார்க்கும்; விரல் இடுக்கெல்லாம் கறையாகிவிடும். எனக்குப் பிடித்த பொரியல் அது என்று அம்மா மூன்று கிலோ வாங்கி வைத்திருந்தார். அத்தனையும் பொட்டாசியம். கருப்பட்டி, வெல்லம், வாழைப்பழம், இளநீர், கரும்பு, பறங்கி என்று பொங்கல் படையலில் இருக்கிற ஒவ்வொன்றும் எங்களுக்குக் கொடுக்கும் உணவுப் பட்டியலில் 'தவிர்க்கவும்' என்ற பக்கத்தில் இருப்பவை. இதை அம்மாவிடம் போனில் பல முறை சொல்லியிருந்தேன். அவரும் சரி சரி என்றுதான் கேட்டுக்கொண்டார். ஆனால் சமையலறையில் வந்து நின்றால், "நான் தேய்த்தது, நான் வேகவைத்தது, ஒரு வாய் சாப்பிட்டால் என்னம்மா ஆகிவிடும்?" என்று கேட்கிற தாயிடம் பொட்டாசியம் என்ற சொல் எடுபடுவதில்லை.

இங்கே நிறுத்தி ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். எனக்கு உப்பு ஆகாது என்று தெரிந்து, அண்ணன் கடையில் கேட்டு 'சோடியம் குறைந்த உப்பு' வாங்கி வைத்திருந்தார். மதினி அதை உப்பு மரவையில் கொட்டிவிட்டார். பொட்டலம் என் கண்ணில் படவே இல்லை. அந்த வகை உப்பில் சோடியத்தைக் குறைத்துவிட்டு அதற்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. சாதாரண ரத்தக் கொதிப்புக்காரருக்கு அது நல்லதாக இருக்கலாம். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு விஷம். அதே 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் இந்த உப்பைப் பரிந்துரைத்து வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது என்று சொல்லியிருக்கிறது. பொட்டலத்தில் அதைப் பொடி எழுத்தில்தான் போடுகிறார்கள். அக்கறையோடு வாங்கிவந்த ஒரு பொருள் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் எனக்குள் போய்க்கொண்டிருந்தது. ஆகவே யார் வீட்டுக்குப் போய்த் தங்கினாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "என்ன உப்பு வாங்குகிறீர்கள்?" என்பதுதான். சாதாரண கல்லுப்பே போதும், அளவைக் குறைத்தால் சரி.

திங்கட்கிழமை காலையில் அந்த மையத்துக்குப் போனேன். கோப்பைப் புரட்டிய டெக்னீஷியன், ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்ஐவி பரிசோதனைகள் எடுத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டதால் மெஷினில் போட முடியாது என்றார். எங்கள் மையத்தில் இந்தப் பரிசோதனையை மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுப்பார்கள். என்னுடையது அக்டோபரில் எடுத்தது. அந்த விதியில் தவறில்லை. ரத்தத்தில் பரவும் நோய்கள் இவை, ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்குத் தனி மெஷினே ஒதுக்குகிறார்கள், வெளியூரிலிருந்து வருகிற புதிய ஆளிடம் புதிய ரிப்போர்ட் கேட்பது அங்கே படுத்திருக்கும் மற்றவர்களுக்கான பாதுகாப்பு. என் ஆத்திரமெல்லாம், இரண்டு தடவை போனில் கேட்டபோதும் 'ஒரு மாதத்துக்குள்' என்ற அந்த ஒரு சொல்லை ஏன் சொல்லவில்லை என்பதுதான். பக்கத்து ஆய்வகத்தில் 1,600 ரூபாய் கட்டி ரத்தம் கொடுத்தேன். போகி என்பதால் ஆட்கள் குறைவு. ரிப்போர்ட் சாயங்காலம்தான் வந்தது. அதற்குள் கடைசி ஷிப்ட் முடிந்து டெக்னீஷியன் தன் ஊருக்கு பஸ் ஏறிவிட்டார். அந்தப் பையனுக்கும் வீடு உண்டு, பொங்கல் உண்டு; அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செவ்வாயும் புதனும் மையம் மூடல். "வியாழக்கிழமை முதல் ஆளாக உங்களைப் போடுகிறோம்" என்றார்கள். திருநெல்வேலியில் இருக்கிற சில ஆஸ்பத்திரிகளுக்குப் போன் போட்டேன். வெளி நோயாளிக்குப் பொங்கல் முடிந்துதான் இடம் என்றார்கள். சனிக்கிழமை செய்தது, அடுத்தது வியாழன். மனதுக்குள் கணக்குப் போட்டபோதே கை சில்லிட்டுவிட்டது.

வெளியூரில் டயாலிசிஸ் செய்வதற்கு என்னென்ன வேண்டும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்ட விதத்திலேயே சொல்கிறேன். வரவேற்பில் இருப்பவரிடம் பேசினால் போதாது. டயாலிசிஸ் பிரிவில் இருக்கும் மூத்த டெக்னீஷியனிடம் பேச வேண்டும். எந்தெந்தப் பரிசோதனை, எத்தனை நாளுக்குள் எடுத்தது என்று கேளுங்கள். ரிப்போர்ட்டுகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இது போதும்" என்ற பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பதில் வந்த பிறகு ரயில் ஏறுங்கள். உங்கள் சிறுநீரக மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்க வேண்டும். அதில் ட்ரை வெயிட் (தேங்கிய நீரெல்லாம் எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை) எவ்வளவு, ரத்தத்தை வடிகட்டும் டயாலைசர் எந்த வகை, ரத்த ஓட்ட வேகம், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் அளவு, ஊசி அளவு, டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்த ஃபிஸ்டுலா எந்தக் கையில், கடைசியாகப் பார்த்த ஹீமோகுளோபின், பொட்டாசியம், நடுவில் பிரஷர் இறங்குமா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று எல்லாம் இருக்க வேண்டும். கடைசிச் சில டயாலிசிஸ்களின் குறிப்புத் தாள்களையும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். டயாலைசரும் ரத்தக் குழாய்களும் அவர்கள் தருவார்களா, நாம் வாங்கிப் போக வேண்டுமா, மொத்தம் எவ்வளவு என்பதையும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சென்னையில் எனக்குச் செலவில்லாமல் நடக்கிறது. ஆனால் அந்த அனுமதி எங்கள் மையத்தின் பெயரில் இருந்ததால் ஊரில் பணம் கட்டித்தான் செய்ய வேண்டியிருந்தது.

பொங்கலன்று விடியற்காலையில் வாசலில் அடுப்புக் கட்டிகளைக் கூட்டி, காய்ந்த பனை ஓலையை எரித்துப் பானை வைத்தார்கள். பால் பொங்கி வழியும்போது குலவையிட என்னால் முடியவில்லை. மூச்சு பாதியில் நின்றது. கணுக்காலுக்கு மேல் விரலை வைத்து அழுத்தினால் பள்ளம் அப்படியே நின்றது. புடவைக் கரையை இறக்கி அதை மறைத்துக்கொண்டேன். ஏன் மறைத்தேன் என்று கேட்டால், நல்ல நாளும் அதுவுமாக அம்மா முகம் வாட வேண்டாம் என்பதற்காகத்தான். நோயாளிகள் அத்தனை பேருக்கும் இந்த மனது உண்டு. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர்களுக்கும் பஞ்சமில்லை. "இன்னும் இதை நிறுத்தவில்லையா?" என்று ஒரு சித்தி கேட்டார். சிகிச்சை நின்றால் நான் நின்றுவிடுவேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? வாசல் நிலையில் காப்புக்குச் செருகியிருந்த சிறுபீளைச் செடியைக் காட்டி, "இதுதானே சிறுநீரகத்துக்கு மருந்து, கஷாயம் வைத்துக் குடித்தால் மெஷினே வேண்டாம்" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். கல்லடைப்புக்கு நாட்டு வைத்தியத்தில் அதைக் கொடுப்பது உண்டு. கல்லடைப்பு வேறு, செயலிழந்த சிறுநீரகம் வேறு. எங்களுக்கு அந்தக் கஷாயம் கூடுதல் தண்ணீர், கூடுதல் பொட்டாசியம். கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றேன். அவர் வருத்தப்பட்டார். படட்டும், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் யாருடைய மனத்தாங்கலுக்காகவும் இறங்கிவிடக் கூடாது.

புதன்கிழமை மதினியின் பிறந்த வீட்டுக்கு அண்ணன் குடும்பத்தோடு கிளம்பிப் போனார். ராத்திரி பத்து மணிக்கு மேல் படுக்க முடியவில்லை. படுத்தால் நெஞ்சில் பாறாங்கல்லை ஏற்றியது போல இருந்தது. எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் காற்று வந்தது. பிறகு உட்கார்ந்தும் வரவில்லை. உதட்டைச் சுற்றி மதமதப்பு, தொடையில் பலமே இல்லை. எழுந்து கதவைத் திறக்கப் போய் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அம்மாவுக்கு எண்பதை நெருங்கும் வயது. அவரை எழுப்பினால் அவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் வேறு. பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் கார் வைத்திருந்தான். அவன் என்னைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனான். வழியெல்லாம் ஜன்னலை இறக்கி முகத்தை வெளியே வைத்துக்கொண்டு போனேன். மகளுக்குப் போன் போடக் கூடாது, பிள்ளை பயந்துவிடுவாள் என்று மட்டும் நினைத்தேன். எங்கே போக வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. பெரிய பெயர்ப் பலகை வைத்திருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நிறுத்தினான். முதலில் பத்தாயிரம் கட்டச் சொன்னார்கள். ஆக்ஸிஜன் வைத்தார்கள், இசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். வெகுநேரம் கழித்துத்தான், டயாலிசிஸ் செய்கிறவர் காலையில்தான் வருவார் என்றார்கள்.

அங்கே இரவுப் பணியில் இருந்த இளம் பெண் மருத்துவர் ஒருவர் இசிஜியைப் பார்த்துவிட்டு, காத்திருக்க நேரமில்லை என்று தானே 108-க்குப் போன் செய்து, பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார். அந்தப் பெண்ணை நான் உயிருள்ளவரை மறக்க மாட்டேன். பொட்டாசியம் 6.9 இருந்தது, சாதாரணமாக 3.5 முதல் 5-க்குள் இருக்க வேண்டியது. அரசு ஆஸ்பத்திரியில் போன உடனே இதயத்தைக் காக்கக் கால்சியம் ஊசி போட்டார்கள். பொட்டாசியத்தைத் தற்காலிகமாக இறக்க குளுக்கோஸோடு இன்சுலின் ஏற்றினார்கள், நெபுலைசர் வைத்தார்கள், விடிவதற்குள் மெஷினில் போட்டார்கள். நான்கு மணி நேரத்தில் மூன்றரை லிட்டர் நீர் எடுத்தார்கள். மூச்சு ஒவ்வொரு படியாகத் திரும்பி வந்ததை நான் விழித்திருந்தே உணர்ந்தேன். ஒரு ரூபாய் வாங்கவில்லை. வீட்டில் என்ன உப்பு என்று முதன்முதலில் கேட்டவரும் அங்கே இருந்த மருத்துவர்தான். அண்ணனுக்குப் போன் போட்டுப் பொட்டலத்தைத் தேடிப் படிக்கச் சொன்னபோதுதான் விஷயமே தெரிந்தது. அண்ணன் மறுமுனையில் பேச்சே வராமல் அழுதார்.

தனியார் ஆஸ்பத்திரி பில் 12,300 ரூபாய். காருக்கு 3,500. ஆய்வகம் 1,600. வியாழன் இரவு ரயிலை விட்டுவிட்டதால் பண்டிகைக் கட்டணத்தில் ஆம்னி பஸ்ஸுக்கு 3,200. என்னை மாதிரி ஒரு பள்ளி அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவளுக்கு அது ஒரு மாதச் சம்பளத்தில் பெரும் பங்கு. இதில் எதைத் தவிர்த்திருக்கலாம் என்று யோசித்தால், ராத்திரியிலும் டயாலிசிஸ் செய்கிற இடம் எது என்று கிளம்பும் முன்பே தெரிந்திருந்தால் போதும், பணத்தோடு விலைமதிப்பில்லாத இரண்டு மணி நேரமும் மிஞ்சியிருக்கும். போகிற ஊருக்குப் பக்கத்தில் எந்த மருத்துவமனையில் எந்நேரமும் டயாலிசிஸ் உண்டு என்பதை விசாரித்து, எழுதி, சட்டைப்பையிலோ கைப்பையிலோ வையுங்கள். கூட இருப்பவரிடமும் ஒரு தாளைக் கொடுங்கள். படுத்தால் மூச்சு முட்டுவது, தசை பலமிழப்பது, நெஞ்சு படபடப்பது என்று எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைத்தால் "டயாலிசிஸ் நோயாளி, இத்தனை நாளாகச் செய்யவில்லை" என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

2026 பொங்கலுக்கும் போனேன். வேண்டாம் என்று கணவர் மஸ்கட்டிலிருந்து சண்டையே போட்டார். பயந்துகொண்டு வீட்டில் அடைந்து கிடக்க என்னால் முடியாது. அம்மா இன்னும் எத்தனை பொங்கல் வைப்பார் என்பது யாருக்குத் தெரியும்? இந்தத் தடவை டயாலிசிஸ் நாளை முதலில் நட்டுவைத்து, மற்றதையெல்லாம் அதைச் சுற்றி அமைத்தேன். பொங்கல் வியாழக்கிழமை. செவ்வாய் சென்னையில் முடித்துவிட்டு இரவு ரயில். அடுத்தது வெள்ளிக்கிழமை திருநெல்வேலியில், விடுமுறை நாளிலும் நடக்கிற ஒரு மருத்துவமனையில். எனக்கு வழக்கமான சனி முதல் செவ்வாய் வரையிலான இடைவெளியைவிட ஒரு நாள்கூடக் கூடவில்லை. அந்த அளவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் என் அடிப்படைக் கணக்கு. உங்கள் கணக்கை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஜனவரி முதல் வாரத்தில் புதிய பரிசோதனைகள் எடுத்து, படம் அனுப்பி, பதில் வாங்கினேன். மகள் லீவு போட்டுக் கூடவே வந்தாள். ரத்தம் ஊறுவதற்குப் போடும் எரித்ரோபொய்டின் ஊசியை ஐஸ் பேக் வைத்த சிறு பெட்டியில் எடுத்துப் போனோம். அது 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும், ஐஸ் மேலேயே படவும் கூடாது. துணியைச் சுற்றி வையுங்கள்.

சமையலுக்கு அம்மாவை கார்த்திகை மாதத்திலேயே தயார்செய்தேன். ஆகாது என்ற பட்டியலைப் படித்துக் காட்டுவதை விட்டுவிட்டு, எனக்கு எப்படிச் செய்து தர வேண்டும் என்று சொன்னபோது அவர் முகமே மாறிவிட்டது. காயைத் தோல் சீவி, மெல்லிசாக நறுக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட வேண்டும். பிறகு தாளிக்கலாம். பொட்டாசியம் முழுவதும் போகாது, கணிசமாகக் குறையும். கிழங்குக்கு இரண்டு தடவை வடிப்பது நல்லது. அப்படிச் செய்த சிறுகிழங்கில் கரண்டி நுனியளவு அம்மா தட்டில் வைத்தார். ருசி பாதிதான் இருந்தது, எனக்கு அதுவே போதும். சர்க்கரைப் பொங்கலை எனக்கு மட்டும் ஒரு சின்னக் கிண்ணத்தில் சீனி போட்டுக் கிளறினார். எனக்குச் சர்க்கரை நோய் இல்லாததால் அது முடிந்தது. வாழைப்பழத்துக்குப் பதில் இரண்டு துண்டு ஆப்பிள். ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையைச் சாப்பாட்டோடு போட மறக்காதீர்கள். பந்தியில் பேச்சு சுவாரசியத்தில் விட்டுப்போகிறது, நான் மாத்திரையைப் புடவை முந்தியில் முடிந்துகொண்டேன்.

காபிதான் பெரிய சோதனை. ஒரு தெருவில் ஏழு வீடு ஏறினால் ஏழு டம்ளர். எனக்கு அனுமதித்த ஒரு நாள் அளவைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொள்வேன். எந்த வீட்டிலாவது இரண்டு மடக்குக் குடித்தால், திரும்பி வந்ததும் பாட்டிலிலிருந்து அதே அளவைத் துளசிச் செடிக்கு ஊற்றிவிடுவேன். ரசம், பாயசம், மோர் எல்லாமே அந்தக் கணக்கில் சேரும். ஃபிஸ்டுலா இருக்கிற இடது கையால் பானையோ தண்ணீர்க் குடமோ தூக்கவில்லை, வளையல் போடவில்லை, ரயிலில் அந்தக் கையின் மேல் படுக்காமல் இருக்க வலது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தேன். இரவும் காலையும் ஃபிஸ்டுலாவின் மேல் விரல் வைத்து, ரத்தம் ஓடும் அதிர்வு இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். அது நின்றால் உடனே ஆஸ்பத்திரி. வெள்ளிக்கிழமை மெஷினில் போடும்போது எடை இரண்டேகால் கிலோதான் கூடியிருந்தது, பொட்டாசியம் 5.2. மகள் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு வேண்டுகோளை மையங்களை நடத்துகிறவர்கள் முன் வைக்கிறேன். ரயில் டிக்கெட் 60 நாளுக்கு முன் திறக்கிறது. பண்டிகை வாரத்தில் எந்த நாள் மூடல், எந்த ஷிப்ட் எங்கே மாறும், வெளியூர் நோயாளியிடம் என்ன கேட்பீர்கள் என்பதை அதற்கு முன் ஒரு தாளில் எழுதி வாசலில் ஒட்டினால் போதும், எங்களில் பலர் பிழைத்துக்கொள்வோம். டெக்னீஷியன்களுக்கும் விடுமுறை வேண்டும். அதனால்தான் முன்பே சொல்லுங்கள் என்கிறோம். எங்கள் மையத்தில் காலை ஷிப்ட்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு இதை ஒரு மனுவாகக் கொடுத்திருக்கிறோம். வருகிற தீபாவளிக்கான அட்டவணையை இரண்டு மாதம் முன்பே ஒட்டுவதாக மேலாளர் சொல்லியிருக்கிறார்.